வேகமாக வடிந்த தண்ணீர்

லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வரிசையில் தண்ணீர் வடிகட்டும் ஜாடி வைத்திருந்த ஒரே குடும்பம் நாங்கள்தான். சித்தப்பா, தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில், சமையல் குசினியில் வேலை செய்தார். துரைக்குப் புது ஜாடி வந்ததும் பழையதைக் கழித்துவிட்டார்கள். அதைச் சித்தப்பா சாக்கில் சுற்றிச் சுமந்து வந்தார். மேலும் கீழுமாக இரண்டு பீங்கான் ஜாடிகள். மேல் ஜாடிக்குள் மெழுகுவத்தி போல ஒரு வெள்ளை மண்குழல். ஊற்றும் தண்ணீர் அந்தக் குழலுக்குள் கசிந்து, சுத்தமாகிக் கீழே சொட்டும்.

அம்மாவுக்கு அது சாமியே கொடுத்தது. எனக்குப் பின் பிறந்த இரண்டு பிள்ளைகளை வயிற்றுப்போக்கில் பறிகொடுத்தவள். அடுத்துப் பிறந்த தம்பி அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தான். அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அவன் தும்மினாலே எனக்குப் பகீரென்றிருக்கும்.

அதுவரை அம்மா ரப்பர் பால் வெட்டப் போகுமுன், ஈர விறகோடு மல்லுக்கட்டி அவனுக்குத் தண்ணீர் காய்ச்சி வைப்பாள். ஜாடி வந்ததும் அதை விட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் ஜாடியைக் கழுவிக் குங்குமம் வைத்தாள்.

“பங்களாவுல ராத்திரி பூரா சொட்டினாலும் அரை ஜாடிதான் அண்ணி. நம்மகிட்ட வந்ததும் என்னமா ஓடுது பாருங்க!” என்றார் சித்தப்பா.

“துரைக்கிட்ட சம்பளம் பத்தலையோ என்னமோ,” என்று அப்பா சிரித்தார்.

“ரெண்டு பேரும் கண்ணு வைக்காதீங்க,” என்றாள் அம்மா.

கிணற்றுத் தண்ணீர் பார்வைக்கு எப்போதும் தெளிவுதான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நான் பயந்ததெல்லாம் ஜாடி சரிந்து தம்பிமேல் விழுந்துவிடுமோ என்றுதான்.

மழை பிடித்ததும் தம்பிக்கு வயிறு போகத் தொடங்கியது. அம்மா அந்தத் தண்ணீரையே கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். வேறு தோட்டத்துக்குப் போயிருந்த, எங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

“பிள்ளைக்கு என்ன தண்ணி குடுத்தீங்க?”

“பில்டர் தண்ணிதாங்க ஐயா. வேற ஒரு சொட்டு குடுக்கலீங்க.”

அவர் ஜாடியைத் திறந்து குழலைக் கழற்றி, வாசல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அடியில் மெல்லிய கோடு ஒன்று. தலைமயிர் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். அவர் நகத்தால் கீறினார், அது போகவில்லை. சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பாவின் முகம் செத்துப்போயிற்று.

“தண்ணி சரியில்லீங்களா ஐயா?” என்று கேட்டாள் அம்மா.

அவர் குழலைத் திரும்ப மாட்டி மூடினார். “தண்ணிக்கு என்னம்மா? நல்ல தண்ணிதான்.”

அம்மா தலையாட்டினாள். எனக்கும் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது.

சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பது லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சித்தப்பா ஜாடித் தண்ணீர் முழுவதையும் சாக்கடைக் கானில் கொட்டிவிட்டு வந்து அடுப்பை மூட்டினார்.

“டேய், புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?” என்று அப்பா கத்தினார்.

சித்தப்பா ஊதி ஊதித் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற்றி, என் கையில் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை நகரவில்லை. தம்பி இன்னும் அம்மா மடியில் கிடக்கும்போது இவருக்கு அடுப்பு கேட்கிறதே என்று எனக்கு அவர்மேல் ஆத்திரம்தான் வந்தது.