பெருக்கிப் பார்த்துத்தான் அழிக்கணும்

கணக்கு டீச்சரம்மா சாக்பீஸை மேசைமேல் வைக்கவே மாட்டார். எழுதி முடித்ததும் சேலைத் தலைப்பின் மூலையில் முடிந்துகொள்வார். மாலையில் நாங்கள் இருவரும் குடியிருந்த வாடகை அறைக்குத் திரும்பும்போது தலைப்பெல்லாம் வெள்ளை அப்பியிருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோயமுத்தூர்ப் பெண்கள் பள்ளி ஒன்றில் அவர் கணக்கு, நான் தையல். மறுநாள் பாடத்தை என்னிடம்தான் சொல்லிப் பார்ப்பார். "ரெண்டு எண்ணு வேணுமுங்க. கூட்டினா நடுவுல இருக்கறது வரோணும், பெருக்கினா கடைசியில இருக்கறது வரோணும். காரணிப்படுத்தறது அவ்வளவுதானுங்க" என்பார். வெங்காயம் உரித்தபடி தலையாட்டுவேன். என் மண்டையில் அதெல்லாம் எங்கே ஏறப்போகிறது என்று நினைப்பு.

பெண்பிள்ளைகளுக்கு அல்ஜீப்ராவே வீண், அதையும் ஒரு பெண்ணா நடத்துவது என்று நிர்வாகத்தில் முணுமுணுப்பு. பார்வைக்கு வரும் இன்ஸ்பெக்டரம்மா குறை சொன்னால் ஆண் வாத்தியாரைப் போட்டுவிட்டு, இவரை ஒன்றாம் வகுப்புக்கு அனுப்புவதாக ஏற்பாடு. இன்ஸ்பெக்டரம்மா வரும் நாளன்று காலை அவருக்குச் சோறு இறங்கவில்லை. இன்ஸ்பெக்டரம்மா அவர் வகுப்புக்கு வந்த நேரம் எனக்கு வகுப்பு இல்லாததால் அங்கே கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பலகையில் x² − x − 12 என்று எழுதி, பக்கத்தில் (x + 4)(x − 3) என்று போட்டார். நாலையும் கழித்தல் மூன்றையும் கூட்டினால் ஒன்று. வேண்டியதோ கழித்தல் ஒன்று. பதற்றத்தில் குறி மாறிவிட்டது. எனக்கே தெரிந்தது, வாய் திறக்கத்தான் துணிவில்லை. அவரோ என்றும் இல்லாத அவசரத்தில் அழிக்கும் துணியை எடுத்துவிட்டார்.

பிள்ளைகளும் கவனித்துவிட்டார்கள். ஆனால் பெரியவர்களிடம் முகத்துக்கு நேரே தப்பு என்று சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்தில் ஏது? பல்லடத்துப் பெண் ஒருத்தி மெல்ல எழுந்தாள்.

"ஏனுங்க டீச்சரம்மா, பெருக்கிப் பாத்துப்போட்டுத்தானுங்களே அழிக்கோணும்?"

அது அவரே தினமும் சொல்லும் சட்டம். பெருக்கினார். நடுவில் +x வந்தது. உடனே குறிகளை மாற்றி, மறுபடி பெருக்கிக் காட்டி, "நல்லாக் கேட்டே கண்ணு" என்றார். இன்ஸ்பெக்டரம்மா போகும்போது, பிள்ளையே பெருக்கிப் பார்க்கச் சொல்கிற இந்த வகுப்பு இவரிடமே இருக்கட்டும் என்று சொல்லிப் போனார்.

திரும்பும் வழியில் எனக்கு வெட்கம் தாங்கவில்லை. "நானும் பாத்தேனுங்க. சொல்லாம உக்காந்துட்டேன்" என்றேன்.

நின்றுவிட்டார். "குறி மாறினதையா? நீங்களேவா பாத்தீங்க?"

"ஆமாங்க."

"அப்ப உங்களுக்கு அல்ஜீப்ரா வந்துபோச்சுங்க" என்று கண்ணைத் துடைத்தபடி சிரித்தார். முடிச்சை அவிழ்த்துச் சாக்பீஸை என் கையில் வைத்தார்.

அது இன்னும் என் தையல் பெட்டியில் கிடக்கிறது. துணியில் கோடு போடத் துழாவினால் முதலில் கைக்கு வருவது அதுதான். வேறு ஒன்றைத் தேடி எடுத்துக்கொள்வேன்.