ஹேசலின் சுற்று வழிகள்

பசு சாது என்று சொல்பவர்கள் அதற்கும் அதன் கன்றுக்கும் நடுவில் நின்று பார்த்ததில்லை. ஹேசல் மெட்கால்ஃப் நின்றிருக்கிறாள்.

அப்போது அவளுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. நெல் என்ற தன் நாயோடு எங்கள் பள்ளத்தாக்கின் மேல்வயலைக் கடக்கும்போது மாடுகள் சூழ்ந்துகொண்டன. மாடு துரத்துவது நாயைத்தான். நாயை விட்டுவிட்டால் அது ஓடிப் பிழைத்துக்கொள்ளும், ஆளும் பிழைப்பார். யார்க்ஷயரில் இந்தப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். ஆனாலும் நாய் வளர்ப்பவர் ஒருவரும் விடுவதில்லை. ஹேசலும் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். மூன்று விலா எலும்புகள் முறிந்தன. அதில் ஒன்று நுரையீரலில் குத்தியது. வார் அறுந்த நெல், ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே வீட்டு வாசலில் போய் உட்கார்ந்திருந்தது.

எனக்கு அவளைத் தெரியவந்தது அப்படித்தான். வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனித்துக்கொள்வது என் வேலை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளைக் குளிப்பாட்டவும் மூச்சுப் பயிற்சி செய்ய வைக்கவும் என்னை அனுப்பினார்கள். எலும்பு கூடியது, நுரையீரல் ஆறியது. ஆனால் வெளியே மாடு கத்தினால் அவள் கையிலிருக்கும் தேநீர்க் கோப்பை தட்டில் கடகடவென்று அடித்துக்கொள்ளும். மருத்துவரிடம் சொல் என்றேன். "என்னன்னு சொல்றது? மாட்டைக் கண்டா நடுங்குதுன்னா? இந்த ஊர்ல? சிரிப்பாங்க பெரில்" என்றாள்.

அவள் கணவன் ராய் இறந்த பிறகு, பள்ளிக்கூடச் சமையல் வேலையை விட்டுவிட்டு வீட்டு மாடி அறைகளை நடைப்பயணிகளுக்கு விடத் தொடங்கினாள். லெஸ்டர், கோவென்ட்ரி போன்ற ஊர்களிலிருந்து பணி ஓய்வு பெற்றவர்கள் வந்து நான்கு நாள் தங்கி நடந்துவிட்டுப் போவார்கள். காலையில் முட்டையும் சாசேஜும், கையில் சாண்ட்விச் பொட்டலம், மாலையில் இறைச்சி அடைத்துச் சுட்ட ‘பை’ என்ற பலகாரம். எந்த நாள் எந்தப் பாதை, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது, மழை வந்தால் எந்தக் கொட்டகையில் ஒதுங்குவது எல்லாம் ஹேசலின் பொறுப்பு. அவள் முன்னால் நடப்பாள். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின், முதலுதவிப் பையைத் தூக்கிக்கொண்டு கடைசி ஆளாக நடந்தேன். யாராவது விழுந்தால் பார்க்க ஒரு ஆள் வேண்டுமே.

குளிர்காலம் முழுக்க அவள் சமையலறை மேசையில் வரைபடம் விரிந்து கிடக்கும். நாலு மூலையிலும் ஜாம் பாட்டில்கள். பென்சிலால் கோடு போடுவாள், அழிப்பாள், சுற்றி வளைத்து மறுபடி போடுவாள். அரை மைலில் போய்ச் சேரும் சிற்றாற்றுக்கு இரண்டு மைல் சுற்றுவாள். குன்றின் முகட்டு வழி, ஆட்டு மேய்ச்சல், சந்துப் பாதை, தார் ரோடு, எது வேண்டுமானாலும் இருக்கலாம். மாடு நிற்கிற வயல் மட்டும் கூடாது. வசந்தம் வந்ததும் ஒவ்வொரு பண்ணைக்காரருக்கும் போன் போடுவாள். வந்தவர்களிடம் "இந்தப் பக்கம் காட்சி நல்லா இருக்கும்" என்பாள். அவர்களும் தார் ரோட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார்கள்.

உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான். "மாட்டுக்குப் பயந்தவ பின்னாடி யாரு நடப்பா? வீட்டைப் பூட்டிட்டு மகன் வீட்டு மூலைல போய் உக்கார வேண்டியதுதான்" என்பாள். மகன் பிரிஸ்டலில் இருக்கிறான். அவன் மனைவிக்கும் ஹேசலுக்கும் ஒரு நாள் தாண்டினால் ஒத்துவராது.

ஒரு வருஷம், மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பாலம் பழுதுபார்ப்பில் இருந்ததால் வழக்கமான சுற்று வழி அடைபட்டிருந்தது. மிச்சமிருந்தது பண்ணைக்காரர் ஆல்டர்சனின் இரண்டு வயல்கள் வழியாகப் போகும் பொதுப் பாதைதான். வாரத் தொடக்கத்தில் ஹேசல் தனியாகப் போய் நடந்து பார்த்துவிட்டு வந்தாள். இரண்டும் காலி. குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கட்டியிருக்கும் மாடுகளைப் புல் வளர்ந்த பிறகு ஒரு நாளில் வெளியே விடுவார்கள். அந்த நாள் எது என்று ஆல்டர்சனுக்குப் போன் போட்டாள். பக்கத்தில் நின்ற எனக்கே அவர் குரல் கேட்டது.

"அடுத்த திங்கக்கிழமைதான் புள்ள. நீ சனிக்கிழமை தாராளமாப் போ. ஒரு முயல்கூடக் கடிக்காது."

ஹேசலுக்கு அறுபத்தைந்து வயது. ஆல்டர்சனுக்கு இன்னும் அவள் புள்ளதான்.

அன்று வந்தவர்களில் டெஸ்மண்டும் ரீட்டாவும் லெஸ்டர்க்காரர்கள். டெஸ்மண்ட் பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டாஃபி என்று ஒரு காக்கர் ஸ்பானியல் நாய் வைத்திருந்தார். அதன் காதைத் துடைக்கத் தனிக் கைக்குட்டை. காலையில் வாசலில் ஹேசல் எல்லோரையும் நிறுத்தினாள்.

"ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. கேட் திறந்திருந்தா திறந்தே விடணும். மூடியிருந்தா போயிட்டு மூடணும். நமக்குப் புரியலைன்னாலும் பண்ணைக்காரருக்கு ஒரு காரணம் இருக்கும்."

ரீட்டா சிரித்தாள். "இவரா மூடுவாரு? எங்க வீட்ல ஃபிரிட்ஜே தானா மூடிக்கிட்டாத்தான் உண்டு. பத்து வருஷமா நான் பின்னாடியே போய்ச் சாத்திக்கிட்டு வரேன்."

"இன்னைக்கு பாரு. மூட வேண்டியது ஒண்ணையும் விட மாட்டேன்" என்றார் டெஸ்மண்ட்.

யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் வயலில் நுழைந்தபோது ஒரு மாடும் கண்ணில் படவில்லை. கற்சுவர் ஓரமாக நாணல் அடர்ந்திருந்தது. அங்கிருந்து இரண்டாவது வயலுக்குப் போகும் இரும்பு கேட் அகலத் திறந்து, சங்கிலியால் சுவரோடு மாட்டியிருந்தது. இரண்டாவது வயல் நடுவில் மேடாக உயர்ந்து அப்பால் இறங்கும். அந்தச் சரிவில் என்ன இருக்கிறது என்று இங்கிருந்து தெரியாது. பாதை மேட்டின் இந்தப் பக்கமாகவே குறுக்கே போய், எதிர்ச் சுவரில் பதித்த கற்படியில் ஏறிச் சந்துப் பாதையில் இறங்கும்.

ஹேசல் கேட்டருகே நின்றுவிட்டாள். நான் கடைசியிலிருந்து எட்டிப் பார்த்தேன். தரையெல்லாம் குளம்படி. சாணம் பச்சையாக, ஆவி அடங்காமல் கிடந்தது. அவள் உதடு வெளுத்துவிட்டது. இடக்கை தானாகவே விலாவைப் பிடித்துக்கொண்டது.

"ஏன் நிக்கறோம்?" என்றாள் ரீட்டா.

"ஒண்ணுமில்ல. மழை வர்ற மாதிரி இருக்கு. கொஞ்சம் வேகமா போயிடலாம். சத்தம் போடாம வாங்க."

வானத்தில் மேகமே இல்லை. அவள் நடந்த வேகத்துக்கு என் முழங்கால் ஈடுகொடுக்கவில்லை. டெஸ்மண்ட் என்னிடம் வந்து, "நீங்க போங்க பெரில், சுவரோரம் ஒரு நிமிஷம் ஒதுங்கிட்டு வந்துடறேன்" என்றார். வயதான ஆண்களுக்கு இது சகஜம். பக்கத்தில் நின்று காவல் காக்க முடியாது. மற்றவர்களைத் தொடர்ந்து போனேன். கற்படியில் ஏறி உச்சியில் நின்று திரும்பியபோது டெஸ்மண்ட் கேட்டைத் தாண்டி இரண்டாவது வயலுக்குள் வந்துவிட்டிருந்தார். சங்கிலியைக் கழற்றி, கேட்டை இழுத்து மூடி, கொக்கியும் மாட்டினார். பிறகு ரீட்டா பார்க்கிறாளா என்று எங்கள் பக்கம் கையை உயர்த்திக் காட்டினார்.

மூடிய கேட்டுக்குப் பின்னால், முதல் வயலின் நாணலுக்குள்ளிருந்து ஒரு கன்று எழுந்து நின்று கத்தியது. பிறகு இன்னொன்று. நாங்கள் அவற்றை ஒட்டித்தான் நடந்து வந்திருக்கிறோம்.

மேட்டுக்கு அப்பாலிருந்து தாய்கள் பதில் குரல் கொடுத்தன. முதலில் குரல்தான் வந்தது. பிறகு முகட்டில் கறுப்பு முதுகுகள். அவை நடந்து வரவில்லை. தரை அதிர்வது எனக்குக் கல் வழியாகக் காலில் தெரிந்தது.

"டெஸ்மண்ட்!" ரீட்டா கத்தினாள். "ஓடுங்க!"

எங்கே ஓடுவது? மாடுகள் கேட்டைப் பார்த்துத்தான் வந்தன. கேட்டருகே அவர் நின்றார், காலடியில் நாய் குரைத்தது. திறந்திருந்த கேட் மூடியிருக்கிறது, கன்று அந்தப் பக்கம் கத்துகிறது, நடுவில் ஒரு நாய். முன்னால் வந்த பெரிய மாடு தலையைத் தாழ்த்தி அவரைச் சுவரோடு இடித்தது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

"நாயை விடுங்க!" ஹேசல் என் பக்கத்தில் ஏறி நின்று அலறினாள். "வாரை விடுங்க டெஸ்மண்ட்! அது ஓடிப் பிழைச்சுக்கும்!"

"மாட்டேன்! மாடுங்க இதைக் கொன்னுடும்!" அவர் நாயை மார்போடு அணைத்துக்கொண்டு சுருண்டார்.

ஹேசல் முகத்தைப் பார்த்தேன். சுயநினைவு தவறப்போகிறவர்களின் நிறம் எனக்குத் தெரியும். அந்த நிறம்தான் இருந்தது. "உக்காரு ஹேசல். தலையைக் கீழ குனி" என்றேன்.

அவள் உட்காரவில்லை. "அவுங்களை இறங்க விடாதே" என்று சொல்லிவிட்டுச் சந்துப் பாதையில் குதித்தாள். சந்து வயல்களின் வெளிச்சுவரை ஒட்டியே திரும்பிப் போகிறது. அவள் ஓடுவது தெரிந்தது. ஓட்டம் என்று சொல்ல முடியாது, குடித்தவர் நடை. ரீட்டா வயலுக்குள் இறங்கப் பார்த்தாள். அவள் கோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் என் கையில் கடித்தாள். விடவில்லை. மற்றவர்களிடம் போனைக் கொடுத்து, சிக்னல் கிடைக்கும்வரை சந்தில் மேலே போகச் சொன்னேன்.

ஹேசல் முதல் வயலின் சுவரில் ஏறினாள். சாந்து வைக்காத சுவர் அது. மேல்கற்கள் அவளோடு சேர்ந்து உள்ளே விழுந்தன. எழுந்தாள். கன்றுகளுக்கும் தாய்களுக்கும் நடுவில் இருந்தது அந்தக் கேட் ஒன்றுதான். அதன் முதல் வயல் பக்கம், கன்றுகள் மொய்த்து நிற்க, அவள் நின்றாள். அந்தப் பக்கம் கம்பிகளில் மூக்கை முட்டிக்கொண்டு தாய்கள். அவள் கை கொக்கியில் இருந்தது. கை நகரவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று தெரியாது. ரீட்டா என் தோளில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள். டெஸ்மண்டின் தொப்பி மாட்டின் காலடியில் கிடந்தது. டாஃபியின் குரைப்பு நின்றுவிட்டது.

பிறகு கொக்கி விழுந்த சத்தம். ஹேசல் கேட்டைத் தன் பக்கம் இழுத்து, அதன் பின்னாலேயே நகர்ந்து, கேட்டுக்கும் சுவருக்கும் இடையில் புகுந்துகொண்டாள். மாடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதுபோல உள்ளே பாய்ந்தன. ஒவ்வொன்றும் இடிக்க இடிக்கக் கேட் அவள் மேல் மோதியது. கம்பிகளுக்கு நடுவே அவள் சிவப்பு ஸ்வெட்டர் மட்டும் தெரிந்தது. கன்றுகள் மடியை முட்டத் தொடங்கியதும் அத்தனையும் அடங்கிவிட்டது. சற்று முன் ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்த மாடு, கன்றின் முதுகை நக்கிக்கொண்டு நின்றது.

நான் டெஸ்மண்டிடம் போனேன். காறை எலும்பு முறிந்திருந்தது. மூச்சு சீராக இருந்தது, வயிறு இறுகவில்லை, கால்விரல்களை ஆட்டினார். கழுத்துத் துணியால் கையைத் தூக்கிக் கட்டினேன். டாஃபி அவர் கோட்டுக்குள்ளிருந்து மூக்கை நீட்டியது. அதற்கு ஒரு கீறல் இல்லை.

"கேட்டை மூடினேனே, ரீட்டா பார்த்தாளா?" என்றார்.

"பார்த்தா. வாயை மூடுங்க" என்றேன்.

ஹேசலைக் கேட்டின் பின்னாலிருந்து வெளியே எடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கம்பியைப் பிடித்த விரல்களை நான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். "போயிடுச்சா? போயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மாடுகள் எங்களிடமிருந்து இருபதடி தள்ளித்தான் நின்றன. "போயிடுச்சு" என்று பொய் சொல்லி, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, நடத்திக் கூட்டிவந்தேன்.

மாலையில் ஆல்டர்சன் முட்டை நிறைந்த தட்டோடு வாசலில் நின்றார். "வைக்கோல் தீந்துபோச்சு புள்ள. நேத்தே விட்டுட்டேன். உனக்கு ஒரு போன் போட்டிருக்கணும்." அவர் கண் கலங்கியிருந்தது. ஹேசல் தட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய டெஸ்மண்ட் இடக்கையால் இறைச்சிப் பலகாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வழக்கம்போல ஒருவர் கேட்டார், "நாளைக்கு எந்த வழி?"

ஹேசல் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தார் ரோடு. காட்சி ஒண்ணும் இருக்காது. எனக்கு மாடுன்னா பயம். இன்னைக்கு வந்த பயம் இல்ல, ரொம்ப வருஷமா. உங்களையெல்லாம் இத்தனை நாளா அதுக்காகத்தான் சுத்த விட்டேன். வேற ஆளு கூட நடக்கணும்னா பக்கத்து ஊர்ல இருக்காங்க, நம்பர் தரேன்."

ரீட்டா ரொட்டியைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு இனிமே கேட்டைக் கண்டாலே பயம். தார் ரோட்டுல கேட் இருக்காதுல்ல?"

இருந்தது, ஒன்றே ஒன்று, சந்து முடியும் இடத்தில். மறுநாள் காலை ஹேசல் அதன் முன்னால் போய் நின்றாள். அப்பால் ஆடுகூடக் கிடையாது, வெறும் ரோடு. கொக்கி மேல் கை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். மேலுதட்டில் வியர்வை. நான் பின்னாலிருந்து வந்து திறந்தேன்.

அதற்குப் பிறகு அவளால் எந்தக் கேட்டையும் திறக்க முடியவில்லை. பயணங்களை அவள்தான் திட்டமிடுகிறாள், ஆட்கள் வருகிறார்கள், சிலர் வருவதில்லை. கேட் வந்தால் நான் முன்னால் போகிறேன். கடைசி ஆள் இல்லாமல் போய்விட்டதே என்று கவலைப்பட்டேன். அந்த முதல் நாள் காலை, தார் ரோட்டுக் கேட்டில், கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு, டெஸ்மண்ட் கடைசியாக வந்தார். கேட்டுக்குள் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"பெரில், இது திறந்திருந்துச்சா, மூடியிருந்துச்சா?"

"மூடியிருந்துச்சு."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்ப நீங்களே வந்து மூடுங்க" என்றார்.