பெரியதம்பி கிள்ளிய இலைகள்

ஒலக்கூர் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர்களில் பெரியதம்பியைப் போலச் செடியின் முகம் பார்த்து நோய் சொல்கிறவர் கிடையாது. இதை அவரே சொல்வார், கேட்காமலே சொல்வார். அப்பேர்ப்பட்டவரைக் கொல்லையில் நின்ற முட்டைக்கோஸ் செடிகள் குழப்பிவிட்டன.

விதை போட்டது அவர் மனைவி வெள்ளையம்மாள். 'இது என்ன ஊட்டியா?' என்று தெருவே கேலி செய்தது. வீம்புக்கென்றே ஐப்பசியில் பேப்பர் கப்புகளில் விதைத்து, நாற்று தேறியதும் பிடுங்கிக் கொல்லையில் நட்டாள். பொங்கலுக்குத் தெரு முழுக்கத் தன் கோஸ் பொரியல்தான் என்றும் சொல்லிவிட்டாள். அதற்குள் மகள் கலைப்பிரியாவுக்குக் குறைமாதத்தில் பிரசவம். குழந்தை தேறும்வரை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் அம்மா கூட இருந்தாக வேண்டும்.

"செடிய பாத்துக்கோங்க. ஊரே சிரிக்கக் காத்துக்கினு இருக்குது" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

பெரியதம்பி பார்த்துக்கொண்டார். அளவுக்கு மேலேயே பார்த்துக்கொண்டார். மார்கழியில் நடு இலைகள் உள்பக்கமாக மடங்க ஆரம்பித்தன. மல்லாட்டையில் இலை மடிந்தால் உள்ளே புழு இருக்கும். கிள்ளி விரித்துப் பார்த்தார், புழு இல்லை. அடுத்து வந்த இலையும் மடங்கியது, அதையும் கிள்ளினார். வேப்பெண்ணெய் அடித்தார். புழுவே இல்லாமல் இலை ஏன் மடங்க வேண்டும்? பூவும் காணோம், பிஞ்சும் காணோம், பிறகு கோஸ் எங்கிருந்து காய்க்கும்? அவருக்கு மண்டை காய்ந்தது. வெள்ளையம்மாள் போனில் கேட்கும்போதெல்லாம் "ஜோரா இருக்குது" என்றே சொல்லிவைத்தார். ஆஸ்பத்திரியில் தவிக்கிறவளிடம் வேறு என்ன சொல்வது?

போகிக்கு முதல்நாள் பேரனைத் தூக்கிக்கொண்டு தாயும் மகளும் வந்து இறங்கினார்கள். வெள்ளையம்மாள் நேராகக் கொல்லைக்குப் போனாள். செடிகளில் சுற்றிலும் பெரிய பெரிய இலைகள், நடுவில் மொட்டை.

"நடு எலயெல்லாம் எங்கங்க?"

"சுருட்டிக்கினே இருந்துச்சி. தெனம் கிள்ளிப் போட்டேன். ஒண்ணுலகூட புழு இல்ல, அதான் புரியல."

அவள் ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். பெரியதம்பி பயந்துபோனார்.

"கோவப்படாத. ஒண்ணே ஒண்ணுதான் கைய மீறிப்போச்சி. மாட்டுக் கொட்டா ஓரத்துல இருந்தத கவனிக்கல. பாக்கறப்போ எல முடிச்சு உழுந்துருந்துச்சி. மத்ததுக்குப் பரவக்கூடாதுன்னு கொசுவல போட்டு மூடி, மேலாலயே தண்ணி ஊத்திக்கினு வர்றேன்."

வெள்ளையம்மாள் போய் வலையைத் தூக்கினாள். இரண்டு கையாலும் பிடிக்கும்படி, இறுக்கமாக, ஒரு கோஸ். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பெரியதம்பி அந்த உருண்டையையும் மொட்டைச் செடிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நான் தெனம் கிள்ளுனது?"

அவள் கோஸின் மேல் இலை ஒன்றை உரித்துக் காட்டினாள். அதற்கு அடியிலும் மடங்கிய இலைதான், அதற்கு அடியிலும் இலைதான்.

பொங்கலன்று அந்த ஒரு கோஸ் வீட்டுக்கு ஒரு கரண்டியாகத் தெரு முழுக்கப் போனது. மிஞ்சிய ஒரு கரண்டியைப் பெரியதம்பி வேண்டாம் என்றார். வெள்ளையம்மாள் அதை அவர் இலையிலேயே வைத்தாள்.