பத்தொன்பது நாள் பிரசன்ட்

நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகம் அடையாறில், பெரிய சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருக்கிறது. நான்கு மாடி, ஒரு பார்க்கிங், ஒரு பாதாம் மரம், அவ்வளவுதான் வளாகம். தனியார் பல்கலைக்கழகம், தொழில்நுட்பப் படிப்புகள் மட்டும். சிறிய இடம் என்பதால் எல்லாவற்றிலும் புதுமை காட்ட வேண்டும் என்று நிர்வாகத்துக்கு ஓர் ஆசை உண்டு. வருகைப் பதிவேட்டை ஒழித்தது அப்படித்தான். வகுப்பு தொடங்கியதும் திரையில் நான்கு இலக்க எண் ஒன்று வரும். மாணவர்கள் அதைத் தங்கள் செல்போனில் ஒரு நிமிடத்துக்குள் அடித்தால் பிரசன்ட். உடனே வீட்டுக்குக் குறுஞ்செய்தி போய்விடும்.

இதைக் கொண்டுவந்த குழுவில் நானும் இருந்தேன். பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து விளக்கியதே நான்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டாவது பீரியட் முடிந்து வந்தபோது, ஆசிரியர் அறைக்கு வெளியே ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒயர் கூடை. மகள் பெயரையும் வகுப்பையும் சொல்லி, "அந்த கிளாஸ் மேடம் நீங்கதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் செல்போனை நீட்டினார்.

"இத்த இன்னானு பாருங்க மேடம்."

தங்கள் மகள் இன்று வகுப்புக்கு வந்துள்ளார் என்று இருந்தது. அன்று காலை போன செய்தி. நான் சிரித்துக்கொண்டே, "வந்திருக்காம்மா, கவலைப்படாதீங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

"அது கால் ஒடஞ்சி ஆஸ்பத்திரில படுத்துக்கினு கீது மேடம். மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. தெனம் இது வருது. எனக்குப் படிக்கத் தெரியாது, நேத்து நர்சம்மா படிச்சி சொன்னாங்க. எம் பொண்ணு பேர்ல இங்க யாரு வந்துக்கினு கீறாங்க?"

லேப்டாப்பைத் திறந்தேன். பத்தொன்பது நாளும் பச்சை டிக். ஒரு நாள்கூட விடுபடவில்லை. அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்த நொடியில் வந்தது. அந்தப் பெண்ணின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை. எந்த வரிசையில் உட்காருவாள் என்பதுகூடத் தெரியவில்லை.

அவளுடைய தோழி யார் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. கூப்பிட்டு அனுப்பினேன். வந்தவள் அம்மாவைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"நான்தான் போட்டேன் மேடம். அவ பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். அவகிட்டகூட சொல்லல."

"எதுக்கு?"

"எழுபத்தஞ்சு பர்சன்ட் இல்லன்னா எக்ஸாம் எழுத விட மாட்டீங்க. ஸ்காலர்ஷிப் போயிடும். வீட்டுக்கு மெசேஜ் போகும்னு யோசிக்கல."

நான் அவளைத் திட்டவில்லை. எங்கிருந்து ஆரம்பித்துத் திட்டுவது என்று தெரியவில்லை.

மதியம் அந்த அம்மாவோடு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியில் அவரே சொன்னார். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரமாக இருந்தவர்களாம். வீட்டை இடித்துவிட்டு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் இடம் கொடுத்திருக்கிறார்கள். "இங்க இருந்தப்ப ஒரே பஸ்ஸு. இப்ப அஞ்சரைக்கே கெளம்பணும், ரெண்டு பஸ் மாறணும். அன்னிக்கு ஓடிப்போய் பஸ்ல ஏறும்போது படியிலருந்து வுழுந்துட்ச்சி."

நேரில் பார்த்தால் முகம் தெரிந்துவிடும் என்று நம்பிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தேன். அம்மா ஒரு கட்டிலருகே நின்ற பிறகுதான் இவள்தான் என்று தெரிந்தது. தொடையில் கம்பி வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். அம்மா தடுத்து, நடந்ததைச் சொன்னார்.

"மேடம், அவள ஒண்ணும் பண்ணிடாதீங்க" என்றாள் உடனே.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"என் ஃபோன் ஒடஞ்சிடுச்சி மேடம். அவ சொல்றேன்னு சொன்னா. ரெண்டு நாள் வரலன்னா நீங்களே கேப்பீங்கன்னு நெனச்சேன்."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. அதனால்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் டீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "அடுத்த மாசம் இன்ஸ்பெக்‌ஷன் வருது. இந்த சிஸ்டத்ததான் நாம பெருசா காட்டப்போறோம். ரெக்கார்டுல பிரசன்ட்னு இருக்கில்ல? இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். ஒரு நிமிடம் எனக்கும் அது சபலமாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கும் அதில் லாபம்தானே.

ஆனால் கடிதம் எழுதினேன். பத்தொன்பது நாளும் ஆப்சென்ட், பிரசன்ட் போட்டது தோழி செய்த தவறு, நடந்தது விபத்து, மருத்துவ விடுப்பு தர வேண்டும், கவனிக்காதது என் தவறு என்று. எனக்கு மெமோ வந்தது. தோழிக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன். அந்தப் பெண்ணுக்கு மருத்துவ விடுப்பால் ஸ்காலர்ஷிப் தப்பியது, வருகை போதாததால் செமஸ்டர் தப்பவில்லை. கைத்தடியோடு திரும்பி வந்து ஜூனியர்களோடு உட்கார்ந்து அதே பாடத்தை என்னிடமே மறுபடி படித்தாள். என்மேல் கோபம் இருப்பதாகக் காட்டிக்கொண்டதே இல்லை.

தோழிதான் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. வராண்டாவில் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறாள். அவள் செய்தது தவறு என்றுதான் கடிதத்தில் எழுதினேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்தக் கட்டிடத்தில் மூன்று வாரமாக அந்தப் பெண்ணைத் தினமும் காலையில் நினைத்துக்கொண்டவள் அவள் ஒருத்திதான்.