அண்ணன் கண்டுபிடிச்ச வளையம்

அந்த பார்லர்காரிக்கு மறதிங்கிறதே கிடையாது. கல்யாணத்தன்னைக்கு அவ மூக்கைப் பத்தி எவ என்ன பேசினான்னு இன்னைக்குக் கேட்டாலும் சொல்லுவா. பேசினவ செத்தே போயிட்டா, இவ இன்னும் மன்னிக்கல. அப்படிப்பட்டவகிட்டப் போய் நாத்தனார் புருஷன் கைவரிசையைக் காட்டினான் பாருங்க, அவன் புத்தியை என்னன்னு சொல்ல. தேள் கொடுக்குல ஊஞ்சல் கட்டி ஆடப் பாத்தவன்.

எல்லாரும் ஒரே கட்டடத்துலதான். கீழ அவனோட அச்சாபீஸ். கல்யாணப் பத்திரிகை, சாவு நோட்டீஸ், காலண்டர்னு எது வந்தாலும் அடிப்பான். அதுக்கு மேல இவ பார்லர். அதுக்கும் மேல ரெண்டு குடும்பமும் எதிரெதிர் வீடு. மொட்டை மாடியில இவ டெலஸ்கோப்.

பகல் பூரா பொம்பளைங்க மூஞ்சியைத் தேய்க்கிறவளுக்கு வானத்துல என்ன ஜோலின்னு கேக்காத ஆளில்ல. "மூஞ்சி எல்லாம் என்கிட்ட பேசிப் பேசிக் கொல்லுது. அது சும்மா கிடக்குது, அதான் பிடிச்சிருக்கு"ன்னுவா. நிலாவைப் படம் எடுக்கிறவங்க ஊர்ப்பட்ட பேர் இருக்காங்க. இவளுக்கு நெபுலாதான் வேணும். நட்சத்திரங்களுக்கு நடுவுல புகை மாதிரி கிடக்குமே, அது. அதுலயும் கண்ணுக்கே தட்டுப்படாத மங்கலானதாப் பாத்துப் பிடிப்பா. ஒரு படம் எடுத்தா அதுல ஒரு மண்ணும் இருக்காது, கறுப்புத்தான். அதே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து, கம்ப்யூட்டர்ல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிக்கிட்டே போகணும். அப்பத்தான் ஈர விறகு புகையுற மாதிரி மெதுவா எழும்பி வரும். ஒரு குளிர்காலம் முழுக்க மூக்கு ஒழுக உக்காந்து அப்படி ஒரு படத்தை எழுப்பினா. செவப்பா, ஓரமெல்லாம் பிசிறு பிசிறா, கிழிஞ்ச பட்டு மாதிரி இருந்துச்சு. அதைப் பாத்துட்டு அவ புருஷன்கூட ஒரு நிமிஷம் டி.வி.யை நிறுத்தினான். அதுக்கு மேல ஒரு பாராட்டு அந்த மனுஷன் வாயில வராது.

"தங்கச்சி, குடும்மா, பெருசா அச்சடிச்சுத் தரேன்"னு அச்சாபீஸ்காரன் கேட்டான். அண்ணன்னு கூப்பிட்ட பழக்கத்துக்கு இவளும் நம்பித் தூக்கிக் குடுத்தா.

ஊர்ல வானம் பாக்கிற சங்கம்னு ஒண்ணு உண்டு. அதோட போட்டியில அந்தப் படம் முதல் பரிசு வாங்கிச்சு. அடியில அவன் பேரு.

இவ நேராப் போய்க் கேட்டா.

"அண்ணே, அது நான் எடுத்தது."

"இருக்கட்டும்மா. வானத்துக்கு நீ என்ன பட்டாவா வாங்கி வச்சிருக்க? யார் பேர்ல போனா என்ன, நம்ம வீட்டுக்குத்தானே பெருமை?"

"அப்ப என் பேர்ல போயிருக்கலாமே?"

"பார்லர் வச்சிருக்கிறவ எடுத்தான்னா எவன் நம்புவான்?"

நாத்தனார்காரி உள்ளேருந்து, "குடும்பத்துக்குள்ள எதுக்குடி கணக்குப் பாக்கிற?"ன்னா. இவ புருஷன், "விடு, மச்சான்தானே"ன்னான். அன்னைக்கு ராத்திரி அவனுக்குச் சோறு குழைஞ்சுதான் வந்துச்சு. மனசுல ஒண்ணே ஒண்ணு முடிஞ்சு வச்சுக்கிட்டா. அந்தப் படம் தங்கச்சி எடுத்ததுன்னு அவன் வாயாலயே, அதே சங்கத்துல, அத்தனை பேருக்கு முன்னாடி சொல்ல வைக்கணும். அதுவரைக்கும் அவ கம்ப்யூட்டருக்கு ஒரு பூட்டு, மனசுக்கு ஒரு பூட்டு.

பரிசு வாங்கினவனுக்குப் புதுசா ஒரு தலைவலி. "எப்படி எடுத்தீங்க? கேமராவை எதுல மாட்டினீங்க?"ன்னு சங்கத்துக்காரங்க கேக்கக் கேக்க, இவனுக்குப் பேய் முழி. சரி, அது என்னதான்னு பாத்து வச்சுப்போம்னு, இவ கீழ ஒரு கல்யாணப் பொண்ணுக்கு மேக்கப் போட்டுக்கிட்டிருந்தப்ப, மாடியேறிப் போய் டெலஸ்கோப்லருந்து கேமராவைத் திருகிக் கழட்டி உள்ள எட்டிப் பாத்திருக்கான். புரியலன்னா தலையைச் சொறியிறது அவனுக்குப் பொறந்ததுலருந்து பழக்கம். அவன் தலையோ, தொட்டா மாவு சலிச்ச மாதிரி கொட்டும்.

மறுபடி இவ மேல வந்தப்ப கேமரா கோணலா மாட்டியிருந்துச்சு. யார் கைன்னு கேக்கவா வேணும். அன்னைக்கு எடுத்த படங்களை அடுக்கிப் பாத்தா, வலது மூலையில வளையல் மாதிரி கறுப்பா ஒரு வட்டம். கேமராக் கண்ணாடியில தூசி உக்காந்தா அப்படித்தான் விழும், அது அவளுக்குத் தெரியும். அதுக்கு வைத்தியமும் உண்டு. டெலஸ்கோப் வாயில வெள்ளைத் துணியைக் கட்டி அதையும் படம் எடுக்கணும். துணியில எங்க அழுக்குத் தெரியுதோ, அதை நெபுலா படத்துலருந்து கம்ப்யூட்டரே கழிச்சிரும். மேக்கப்புக்கு முன்னாடி மூஞ்சி கழுவுற மாதிரி.

துணியைக் கட்டி ஒண்ணு, நிலாவை ஒண்ணு எடுத்தா. அந்த ரெண்டும் இருந்த மெமரி கார்டைத் தனியாப் பவுடர் டப்பாவுக்குள்ள போட்டு மூடிட்டா. நெபுலாவுக்கு மூஞ்சி கழுவல. வளையம் அப்படியே கிடந்துச்சு.

கண்ணாடியில இருந்த தூசியை மட்டும் டேப்ல ஒத்தி எடுத்தா. பார்லர்ல, வர்றவங்க மண்டையைப் பெருசாக் காட்டுற மெஷின் ஒண்ணு வச்சிருந்தா. பொடுகைக் காட்டிப் பயமுறுத்தி எண்ணெய் விக்கிறதுக்கு. அதுல வச்சுப் பாத்தவ, தனியா உக்காந்து சிரிச்ச சிரிப்புல பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பாத்தான்.

அப்புறம் ஒருநாள் மாடிப்படியில நின்னு, அச்சாபீஸ்காரன் காதுல விழுற மாதிரி புருஷன்கிட்ட சொன்னா: "என்னங்க, படத்துல வலது மூலையில ஒரு வளையம் தெரியுது. எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல. இதுவரைக்கும் எவனும் பாத்ததில்ல." ஒரு வார்த்தை பொய் சொன்னாளா? இல்ல. எல்லாம் சத்தியம். புருஷன், "அப்படியா"ன்னுட்டு வேர்க்கடலையைக் கொறிச்சான்.

அன்னையிலருந்து கம்ப்யூட்டர்ல பூட்டு இல்ல. எலிக்குப் பொறி வைக்கிறவ, வளைக்குள்ள போய்க் கூப்பிடவா செய்வா? அதுவே வந்துச்சு.

அந்த வருஷம் சங்கத்துக் காலண்டர் அவன் அச்சாபீஸ்லதான் அடிச்சாங்க. மொத அட்டையில, இவ கம்ப்யூட்டர்லருந்து சுட்ட அந்த வளையப் படம். வளையம் நல்லாத் தெரியணும்னு கறுப்பை இன்னும் அழுத்தமா ஏத்தியிருந்தான். அடியில, 'புது வளையம். கண்டுபிடித்தவர்'னு போட்டு அவன் பேரு, எழுத்து எழுத்தாத் தங்க நிறத்துல. டீக்கடை, மருந்துக்கடை, பல் டாக்டர் ரூம்னு ஒரு சுவர் விடாம மாட்டிட்டு வந்தான்.

சங்கத்து ஆண்டுக் கூட்டத்துக்குக் கறுப்புக் கோட்டு மாட்டிக்கிட்டு வந்தான். அதை நினைச்சா இப்பவும் சிரிப்பு வருது. வேற நிறமே கிடைக்கலையா அவனுக்கு? மேடையேறி, "இரவு பகல் பாராமல்..."னு ஆரம்பிச்சான். பகல்ல என்னத்தடா பாத்தன்னு ஒருத்தனும் கேக்கல. எல்லாரும் கை தட்டினாங்க. இவளும் தட்டினா. நல்லாவே தட்டினா.

சங்கத் தலைவர் ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். "யாராவது ஏதாவது கேக்கணுமா?"ன்னார்.

பார்லர்காரி எந்திரிச்சா. "கேள்வி இல்லைங்க. ரெண்டு படம் காட்டணும்."

மொதல்ல நிலா. பளிச்சுன்னு. வலது மூலையில வளையம்.

"அட, நிலாவுலயும் இருக்கே!"ன்னு எவனோ ஒருத்தன் அப்பாவியாக் கேட்டான்.

அடுத்தது வெறும் வெள்ளைத் துணி. அதுலயும் அதே மூலையில, அதே வளையம்.

"இது எங்க வீட்டுப் போர்வை. அண்ணன் கண்டுபிடிச்சது இதுலயும் இருக்கு."

கூட்டத்துல கொஞ்சம் கொஞ்சமாச் சிரிப்பு கிளம்புச்சு. தலைவர் கண்ணாடியைக் கழட்டி, "அப்ப இது தூசியாம்மா?"ன்னார்.

"தூசின்னு பொதுவாச் சொல்லிட முடியாதுங்க." மெஷின்ல எடுத்த படத்தைப் போட்டா. மீன் செதிள் மாதிரி வெள்ளையா ஒண்ணு திரை பூரா நின்னுச்சு. "என் தொழில்ல தினம் பாக்கிறதுதான். பொடுகு. கேமராவைத் திறந்து எட்டிப் பாத்தவர் தலையிலருந்து விழுந்தது. யார் தலைன்னு நான் சொல்ல மாட்டேன், குடும்ப மானம் இருக்குதில்ல."

அவ யாரையும் கை காட்டல. காட்ட வேண்டிய வேலையும் இல்லாமப் போச்சு. மேடையில நின்னவன் கை தானா மேல போய், கோட்டுத் தோளைத் தட்டிவிட்டுச்சு. ஒரு தடவை தட்டினவன் சும்மா இருந்திருக்கலாம். அந்தப் பக்கத் தோளையும் தட்டினான்.

போஸ்ட்மாஸ்டர்கூட மேஜையில தலையை வச்சுச் சிரிச்சாரு.

பார்லர்காரி மட்டும் சிரிக்கல. "அண்ணே, போன வருஷப் படத்தையும் நீங்கதானே எடுத்தீங்க, அதுல வளையம் இல்லையே. அது எப்படி?"

அவன் குனிஞ்சுக்கிட்டு முணுமுணுத்தான். "அது... அது தங்கச்சி எடுத்தது."

"காதுல விழல."

"தங்கச்சி எடுத்தது! போதுமா?"

போதுமான்னு அவளைப் போய்க் கேட்டான் பாருங்க.

பரிசுப் பலகையில பேரை மாத்தி எழுதிட்டாங்க. அந்தக் காலண்டரை மட்டும் ஊருக்குள்ள ஒருத்தரும் கழட்டல. சுவர் சுவரா அவன் பொடுகு தொங்குச்சு. டீக்கடைக்காரன் அதைக் காட்டிக் காட்டியே வியாபாரம் பண்ணான். பார்லர்ல, தலைக்கு எண்ணெய் வைக்கிற நாற்காலிக்கு நேர் எதிர இவளும் ஒண்ணு மாட்டினா.

நாத்தனார்காரி படியேறி வந்தா. "அவர் வெளிய தலை காட்ட முடியல. இதையாவது கழட்டுடி."

"தலை காட்டினா கொட்டுமே, அண்ணி. உக்காருங்க, ஒரு எண்ணெய் தரேன், அவருக்குத் தேய்ச்சு விடுங்க."

"உனக்கு ஈவு இரக்கமே இல்லையா?"

"குடும்பத்துக்குள்ள எதுக்கு அண்ணி கணக்குப் பாக்கிறீங்க?"

அவ தடதடன்னு இறங்கிப் போயிட்டா. பார்லர்காரி காலண்டர்ல அந்த மாசத்துத் தாளைக் கிழிச்சா, மேல அட்டை அப்படியே இருக்கிற மாதிரி, ரொம்ப ஜாக்கிரதையா.