கோதுமை அறுக்கும்வரை

“பேரு?” என்று கேட்டான் எல்லைச் சாவடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்த சிப்பாய்.

பதிலுக்கு மீராஜான் மனைவியின் அடையாள அட்டையை உள்ளே தள்ளினார்.

“செத்தது இவங்களா?”

“ஆமா.”

“இவங்க நம்ம நாட்டு ஆளு. போக முடியாது.”

“பொறந்தது அந்தப் பக்கம் சார். பாசவல். இந்த மலைக்குப் பின்னால.”

“கேட் அகதிங்களுக்கு மட்டும்தான். உயிரோட இருந்தாலும் செத்திருந்தாலும்.”

“இந்த அட்டைய வாங்க வருசக்கணக்கா அலைஞ்சேன்.”

“அதான், நல்லா வாங்கியிருக்கீங்க.” அட்டை திரும்பி வந்தது.

எல்லைக்குப் போகும் லண்டிகோத்தல் நெடுஞ்சாலையில் அவருடைய டயர்க் கடைக்கு அடுத்தது என் தேநீர்க் கடை. அவருக்கு முழங்கால் சரியில்லை என்பதால் கூடப் போயிருந்தேன்.

அவருடைய மனைவி இறந்தது குளிர்காலத் தொடக்கத்தில், எல்லைக் கேட் மூடிய வாரத்தில். துப்பாக்கிக்காரர்கள் அந்தப் பக்கம் ஒளிந்திருந்து இங்கே வந்து கொன்றுவிட்டுப் போகிறார்கள் என்றது இந்தப் பக்கம். விமானங்கள் வந்து எங்கள் வீடுகளில் குண்டு போடுகின்றன என்றது அந்தப் பக்கம். இரண்டும் உண்மை. எங்கள் சின்வாரி குலத்தார் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் செத்தார்கள். பிறகு பீரங்கி பேசியது, கேட்டை மூடினார்கள்.

சாகும்முன் அந்த அம்மாள் கேட்டது ஒன்றுதான். தன்னைப் பாசவலில், ஆற்றங்கரையில் புதைக்க வேண்டும். எங்கள் ஊரில் தண்ணீர் டேங்கரில் வரும். வராத நாளில் கழுதையில் வரும். ஆற்றில் குதித்து வளர்ந்த பெண் முப்பது வருடம் இங்கே பாத்திரம் கழுவினார். வீட்டுக்குள்ளிருந்து அவர் சொன்னது ஒருமுறை என் கடைவரை கேட்டது: “ஒரு சொம்புத் தண்ணியில என் ஆயுசையே கழுவி முடிச்சிட்டீங்க.” மீராஜான் அன்று இரண்டு தேநீர் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

கேட் திறக்கும் என்று நம்பி அந்த அம்மாளை மண்ணிடம் அடைக்கலமாக வைத்தோம். எங்களிடம் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பலகைப் பெட்டியில் வைத்து, திரும்ப எடுக்கும் கெடுவைப் புதைக்கும்போதே மண்ணிடம் சொல்லிவிட வேண்டும். அதுவரை மண் தொடாது. கெடு தாண்டினால் உடல் மண்ணுக்குச் சொந்தம், பிறகு தோண்டக்கூடாது. மீராஜான் குழியருகே குனிந்து, கோதுமை அறுக்கும்வரை என்றார்.

மௌலவி அப்போதே சொன்னார். “மீராஜான், வேதத்துல இப்படி ஒண்ணும் இல்ல.”

“இல்லாம இருக்கலாம் மௌலவி சாப். நான் வாக்குக் குடுத்துட்டேன்.”

“யாருக்கு? மண்ணுக்கா?”

“ரெண்டு பேருக்கும்.”

குளிர்காலம் முழுவதும் கேட் திறக்கவில்லை. மீராஜான் வெள்ளிதோறும் கல்லறைக்குப் போய் உட்கார்ந்திருப்பார். பெஷாவரில் கட்டிக்கொடுத்த இரண்டு மகள்களும் அம்மா இங்கேயே இருக்கட்டும், நாங்களும் வந்து பார்ப்போம் என்றார்கள். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. என்னிடம் சொன்னார்: “பக்கத்துல இருக்கா. அதுவே பழகிப்போச்சு. ஆனா அவ இங்க இருக்கணும்னு கேக்கலயே.”

இப்போது கீழ் வயல்களில் கதிர் மஞ்சளாகிவிட்டது. அகதிகளை மட்டும் வெளியேற்றுவதற்குக் கேட்டைத் திறந்திருந்தார்கள். அதனால்தான் அன்று போனோம்.

நாங்கள் திரும்பியபோது கடைமுன் ஒரு லாரி நின்றது. கட்டில்கள், கதவு நிலைகள், கோழிக்கூடு, மேலே பெண்கள். டயர் இறங்கியிருந்தது. லாரிக்காரனோடு நின்ற மனிதர் கைஸ்தா குல், பெஷாவர்ப் பக்கத்துச் செங்கல் சூளையில் இருந்தவர். நாடு கடத்தப்பட்டவர்களில் ஒருவர்.

மீராஜான் டியூபை உருவித் தொட்டித் தண்ணீரில் அமுக்கினார். “எந்த ஊருக்குப் போறீங்க?”

“யாருக்குத் தெரியும் லாலா. உன் ஊருக்குப் போங்கறாங்க. நான் பொறந்ததே பெஷாவர் ஆஸ்பத்திரில. என் ஊரை நானே இனிமேதான் பாக்கணும்.” மூத்தவர்களை எங்களில் லாலா என்போம், அண்ணன் என்பதுபோல.

நான் தேநீர் கொடுத்துக்கொண்டே, “இவர் வீட்டம்மா அந்தப் பக்கம் பொறந்தவங்க. அவங்களப் போகக்கூடாதுங்கறாங்க” என்றேன்.

நடந்ததைக் கேட்டுக் கைஸ்தா குல் சிரித்தார். “என்னையும் அவங்களையும் மாத்தி எழுதியிருந்தா ஒரு தொல்லையும் இல்ல.” தேநீரைக் குடித்து முடித்தார். “லாரில ஒரு பெட்டிக்கு இடம் இருக்கு லாலா. எங்களுக்கு அட்டையும் இல்ல, கிட்டையும் இல்ல. பேரும் அப்பன் பேரும் சொன்னா எழுதிக்குவாங்க. என் அக்கான்னு சொல்றேன்.”

“நானும் வரணுமே.”

“நீங்க எப்படி வர முடியும்? உங்ககிட்டதான் அட்டை இருக்கே.”

மீராஜான் டியூபைத் துடைத்தார். ஒட்டுத் துண்டை வைத்து இறுக்கினார். அந்நியர் கையில் கொடுத்தால் அவரால் அடக்கத்தில் நிற்க முடியாது. பிறகு வெள்ளிதோறும் போய் உட்காரக் கல்லறையும் கிடையாது. கொடுக்காவிட்டால் கெடு போய்விடும். டயரை மாட்டினார். நட்டுகளை முறுக்கியபின் அவர் என்னிடம் சொன்னார்: “மண்வெட்டி எடுத்துக்க.”

தோண்டிப் பார்த்தபோது பெட்டி நன்றாக இருந்தது. ஒரு பலகைகூடப் பிதுங்கவில்லை. நாங்கள் ஆறு பேர் தூக்கி வந்தோம். மேலேயிருந்த பெண்கள் கட்டில்களை நகர்த்தி, ரஜாய்ப் போர்வைகளை விரித்து இடம் செய்தார்கள். கைஸ்தா குல்லின் மனைவி முக்காட்டுக்குள்ளிருந்து சொன்னார்: “கவலப்படாதீங்க லாலா. எங்க நாத்தனார். நாங்க பாத்துக்கறோம்.”

பாசவலில் இருந்த மைத்துனனுக்குப் போன் செய்து கேட்டுக்கு அப்பால் நிற்கச் சொன்னார் மீராஜான்.

“அப்ப பேரச் சொல்லுங்க” என்றார் கைஸ்தா குல்.

மீராஜான் தரையைப் பார்த்தார். எங்களில் ஆண்கள் வெளியாட்கள் முன் மனைவி பெயரைச் சொல்வதில்லை. பக்கத்துக் கடைக்காரனான நான் முப்பது வருடமாக ‘பிள்ளைகளோட அம்மா’ என்றுதான் கேட்டிருக்கிறேன். பெண்களின் கல்லறைக் கற்களிலும் பெயர் இருக்காது.

“சொல்லாம எப்படி லாலா? கேட்டுல கேப்பாங்களே. கூடப் பொறந்தவ பேர் தெரியாதுன்னா என்னையும் சேர்த்துத் திருப்பிடுவாங்க.”

அவர் சொன்னார். வெளியாளிடம் தகவல் சொல்லும் குரலாக அது இல்லை. அடுத்த அறையில் இருப்பவளைக் கூப்பிடுவதுபோல் இருந்தது. பிறகு மாமனார் பெயரையும் சொன்னார். நான் இரண்டையும் கேட்டேன். இங்கே எழுதவில்லை.

கைஸ்தா குல் அதை ஒருமுறை திருப்பிச் சொன்னார், சரியா என்பதுபோல.

“சரி. போதும். கேட்டுல மட்டும் சொல்லுங்க.”

தடுப்புக் கம்பிவரை நாங்கள் இருவரும் கூடப் போனோம். வேறொரு சிப்பாய் எழுதிக்கொண்டிருந்தான். லாரி நின்றது. கைஸ்தா குல்லின் தலை அசைந்தது. எதையோ சொன்னார். சிப்பாய் மேலே பார்த்தான், கோழிக்கூட்டைப் பார்த்தான், கையால் போகச் சொன்னான்.

“பின் டயர்ல காத்து கொறச்சலா இருக்கு” என்றார் மீராஜான். “இன்னும் கொஞ்சம் அடிச்சிருக்கலாம்.”

லாரி வளைவு திரும்பிய பிறகும் நின்றார். நான் கூப்பிட்டபோது, “நீ போ” என்றார். நான் போகவில்லை.

மறுநாள் காலை மைத்துனன் பேசினான். பெட்டி வந்தது, அடக்கம் முடிந்தது என்றான். வேறு எதுவும் கேட்பதற்குள் தொடர்பு அறுந்தது. முற்பகலில் கேட் அருகே இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்டார்கள். அகதிகளையும் நிறுத்திவிட்டார்கள். வரிசையில் நின்ற லாரிகள் எங்கள் கடைகள்வரை திரும்பி வந்தன. மீராஜானுக்கு அன்று வேலை அதிகம். மதியம் ரொட்டியும் தயிரும் சாப்பிட்டார். மாலையில் நாங்கள் மண்வெட்டியோடு போய்ப் பெட்டியை எடுத்த குழியை மூடினோம்.