பூட்டிய ஸ்கேன் சென்டரில் போனை எடுத்தது யார்?

நம்பச் சொல்லி உங்கள் காலில் விழப்போவதில்லை. நடந்தது நடந்தபடி சொல்கிறேன், அவ்வளவுதான்.

நானும் என் மனைவியின் அண்ணனும் சேர்ந்து ஒரு தொழில் ஆரம்பித்தோம். மற்ற அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களை எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தபடியே கவனித்துக்கொள்ளும் வேலை. "ஊர்ல எவன் கம்ப்யூட்டர் படுத்தாலும் நம்ம தூக்கம் போகும் மாப்ள. அதுக்குப் பேர்தான் தொழில்" என்பார் மச்சான். முதல் வருடம் சாண் ஏறினால் முழம் சறுக்கியது. பிறகு அவர் அலைந்து திரிந்து ஒரு ஸ்கேன் சென்டரைப் பிடித்துவந்தார். அடுத்த மாதமே மாரடைப்பில் போய்விட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. மரத்துப்போயிருந்தேன். "மூடிடலாங்க" என்றாள் மனைவி. ஸ்கேன் சென்டர் கையில் இருக்கும்வரை மூட மாட்டேன் என்றேன். மச்சான் விட்டுப்போனதில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

அன்று ஞாயிறு. சென்டருக்கு விடுமுறை. இரவு 9.40. அங்கே எல்லாவற்றையும் ஓட்டும் சர்வர் கம்ப்யூட்டருக்கு இங்கிருந்தே அப்டேட் போட்டு முடித்தேன். கடைசியில் ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். நான் ஷட்டவுன் கொடுத்துவிட்டேன்.

இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய மடத்தனம் கிடையாது. தூரத்திலிருந்து அணைக்கலாம், திரும்பப் போட முடியாது. யாராவது நேரில் போய்ப் பொத்தானை அமுக்க வேண்டும். சென்டர் இருப்பதோ வேறு ஊரில். விடிந்தால் நோயாளிகள் வந்து நிற்பார்கள். ஒரு ஸ்கேனும் ஓடாது. எங்களைத் துரத்திவிடுவார்கள்.

 

மேனேஜருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. வாட்ச்மேன் யாராவது இருப்பார் என்ற நப்பாசையில் சென்டரின் ரிசப்ஷன் நம்பருக்கு அடித்தேன். மணி அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது...

யாரோ எடுத்தார்கள்.

"ம்." கரகரத்த குரல்.

"கம்ப்யூட்டர் கம்பெனில இருந்து பேசறேங்க. சர்வர் அணைஞ்சிருச்சு. கொஞ்சம்..."

"இரு."

எந்த அறை என்று கேட்கவில்லை. எந்தப் பொத்தான் என்று கேட்கவில்லை. கதவு திறக்கும் சத்தம் இல்லை. காலடிச் சத்தமும் இல்லை...

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மனைவி வந்து அறை வாசலில் நின்றாள்.

டக்.

ஃபேன் சுற்றும் இரைச்சல்... ஒரு பீப்.

9.58. என் திரையில் சர்வரின் குறி சிவப்பிலிருந்து பச்சையாக மாறியது.

"வந்துருச்சுங்க! நீங்க... வாட்ச்மேனா?"

"போய்த் தூங்கு."

வைத்துவிட்டார்கள்.

காலையில் மேனேஜரிடம் பேசினேன். "ராத்திரி உங்க ஆள் போனை எடுக்கலன்னா என் பொழப்பே போயிருக்கும் சார்."

"எந்த ஆள்? சனிக்கிழமை போட்ட பூட்டை இப்பதான் நானே தொறந்தேன்."

சர்வரை நான் அணைத்துவிட்டதையும், ரிசப்ஷனுக்கு அடித்ததையும் சொன்னேன்.

"சர்வர் அணைஞ்ச பிறகா போன் பண்ணீங்க? எங்க போன் எல்லாம் அந்த சர்வர் வழியாத்தானே வேலை செய்யுது. அது அணைஞ்சா இங்க மணியே அடிக்காதே. உங்க மச்சான்தான் அப்படி மாத்திக் கொடுத்தாரு..."

சமையலறைக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை.

"அண்ணன் குரல்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். "உங்க வேலை முடியட்டும்னுதான் பேசாம நின்னேன்."